வீட்டுக் குளமும் ஊர்க் குளமும்

ஜொகூர் மாநிலத்தில் தமிழர் வாழ்வு பெரும்பாலும் தோட்டத்து லயங்களில் தொடங்கியது. பால்மரம் சீவியவர்களும் இரும்புப்பாதை போட்டவர்களும் பெற்ற பிள்ளைகளின் வழிவந்தோர் இன்று மருத்துவராகவும் வழக்குரைஞராகவும் பொறியாளராகவும் வணிகராகவும் உயர்ந்திருக்கின்றனர். அவர்களுள் சிலர் சொந்த நிலத்தில் வீடு கட்டி, அதன் பின்புறத்தில் நீச்சற்குளமும் அமைத்துக்கொண்டிருக்கின்றனர். இதைக் கண்டு இரு தரப்பார் இருவகையாகப் பேசுகின்றனர். ஒரு தரப்பார், “தமிழனுக்கு இது தேவையா? வெறும் ஆடம்பரம்!” என்று முகஞ்சுளிக்கின்றனர். மற்றொரு தரப்பார், “நம் இனம் முன்னேறிவிட்டது, இதோ சான்று!” என்று பூரிக்கின்றனர். குளத்தில் இறங்கும் பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா என்று இவ்விரு தரப்பாருள் ஒருவரும் கேட்கவில்லை. அக்கேள்வியைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முகஞ்சுளிப்பவர்களுக்கு முதலில் விடையிறுப்போம். நீச்சற்குளம் என்பது ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார்களின் உடைமை. சிங்கப்பூரில் 1894 ஆம் ஆண்டிலேயே ஐரோப்பியர் தமக்கென ஒரு நீச்சற்கழகத்தை நிறுவிக்கொண்டனர். பொதுமக்கள் அனைவரும் இறங்கத்தக்க முதல் நீச்சற்குளம் அந்நகரின் எமிலி குன்றில் 1931 இல்தான் திறக்கப்பட்டது. துரை நீந்துவதைத் தொலைவில் நின்று பார்த்தவனின் பேரன் இன்று தன் உழைப்பில் குளம் வெட்டுகிறான் என்றால், அதில் குற்றம் காண யாருக்கு உரிமை உண்டு? நேர்மையாகப் பொருளீட்டியவன் தன் மனைவி மக்களோடு மகிழ்ந்திருக்க விரும்புவது அறத்துக்கு மாறானதன்று. ஆகவே வீட்டுக் குளத்தை நான் பழிக்க வரவில்லை. அக்குளம் தன்னைக் கட்டியவனுக்குக் கற்பிக்கும் பாடங்களை நம் சமுதாயம் கற்க மறுக்கிறது என்பதே என் வழக்கு.

ஸ்கூடாய் வட்டாரத்தில் நான் நன்கறிந்த குடும்பம் ஒன்று அண்மையில் இத்தகைய குளத்தை அமைத்தது. நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். கணக்கிட்டுப் பாருங்கள்: 48 கனமீட்டர், அதாவது 48,000 லிட்டர் நீர். கட்டி முடித்த மகிழ்ச்சியில் நீரை நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று வீட்டார் எண்ணினர். வேலை அன்றுதான் தொடங்கியது. நீரேற்றி நாள்தோறும் ஓட வேண்டும். ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் முழு நீரும் ஒருமுறையேனும் வடிகட்டியின் வழியே சென்று திரும்ப வேண்டும். லிட்டர் ஒன்றுக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் நிற்க வேண்டும். அமில காரச் சமநிலை 7.2க்கும் 7.8க்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் குளோரின் வலுவிழக்கும், கீழே போனால் கண் எரியும், உலோகம் அரிக்கும். ஒரு மாலை மழை கொட்டினால் இக்கணக்கெல்லாம் குலைந்துபோகும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் மாநிலம் நம்முடையது என்பதை மறவாதீர்கள்.

குளத்தருகே மூக்கைத் துளைக்கும் நெடி வீசினால், “ஆகா, எவ்வளவு தூய்மை!” என்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கலந்து உண்டாக்கும் வேதிப்பொருளின் நெடி அது. நீர் தூய்மை கெட்டதன் அறிகுறி. கவனிப்பாரற்ற குளமோ சில வாரங்களிலேயே பாசி படர்ந்து கொசுவின் பிறப்பிடமாகிவிடும். டிங்கிக் கொசு வளர இடந்தருவோரைத் தண்டிக்க 1975 ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் சட்டம் உண்டு. மற்றொன்றும் கேளுங்கள். நிலத்தடி நீர் உயர்ந்து நிற்கும் தாழ்நிலத்தில், குளத்தை வற்றவைத்துவிட்டுப் பல நாள் வெறுமையாக விட்டால், அடியிலிருந்து நீர் அழுத்தி அந்தத் தொட்டியையே பெயர்த்துத் தூக்கிவிடக்கூடும். உள்ளே நிற்கும் நீரின் எடையும் சேர்ந்தே அதை நிலத்தில் நிறுத்துகிறது. கட்டுவது ஒருநாட் செலவு, காப்பது வாழ்நாட் கடமை என்பது இதன்வழி நாம் பெறும் முதற்பாடம். கட்டடம் எழுப்பித் திறப்பு விழா நடத்தி, பெயர்ப்பலகை மாட்டிவிட்டு, அதன்பின் அங்கு எட்டிப் பாராத நம் சங்கங்கள் இப்பாடத்தை இருமுறை படிக்கட்டும்.

இரண்டாம் பாடம் காவல் பற்றியது. நீரில் மூழ்கும் குழந்தை கூச்சலிடும், கைகளை வீசி உதவி கேட்கும் என்று திரைப்படம் நமக்குக் கற்பித்திருக்கிறது. மெய்யாகவே மூழ்கும் குழந்தை பெரும்பாலும் ஓசையின்றியே மூழ்குகிறது. மூச்சுக்கே போராடும் வாய்க்குக் கூவ ஏது நேரம்? அடுக்களையில் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் இறப்புக் காரணங்களில் நான்காவதாகவும், ஐந்து முதல் பதினான்கு வயது வரையுள்ளோரிடையே மூன்றாவதாகவும் நீரில் மூழ்குதல் நிற்கிறது. மாண்டோருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வறிய, நடுத்தர வருவாயுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். இக்கொடுமையின் அளவை உணர்ந்தே ஐக்கிய நாட்டுப் பொதுமன்றம் 2021 இல் ஜூலை 25 ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது. அந்த நாள் நம் தமிழ்ப்பள்ளிகளில் எத்தனையில் நினைக்கப்படுகிறது? ஆசிரியப் பெருமக்களே, நீங்களே சொல்லுங்கள்.

வீட்டுக் குளங்கள் நிறைந்த ஆஸ்திரேலியாவில், குளத்தைச் சுற்றிக் குறைந்தது 1.2 மீட்டர் உயர வேலியும் தானே மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவும் வேண்டுமென்று சட்டம் வற்புறுத்துகிறது. வேலி மூன்று பக்கம் மட்டும் நின்று நான்காம் பக்கத்தில் வீட்டுக் கதவே திறந்து கிடந்தால் அது வேலியாகாது. தவழும் குழந்தை வீட்டுக்குள்ளிருந்துதானே வருகிறது! நான் சொன்ன நண்பரின் தாயார், பேரப்பிள்ளைகள் வருமுன் நான்கு பக்கமும் வேலி எழும்பியே தீர வேண்டுமென்று பிடிவாதமாக நின்றார். “பார்வைக்கு அழகாயிராதே, அம்மா” என்றார் மகன். “பிள்ளை இருந்தால்தானப்பா அழகு” என்றார் அந்த மூதாட்டி. பொறியாளர் பலர் கூடிச் செய்யும் முடிவினும் அச்சொல் வலிது.

மூன்றாம் பாடமே இக்கட்டுரையின் உயிர். வேலியும் காவலும் எத்தனை இருந்தாலும், பிள்ளை ஒருநாள் ஏதோ ஒரு நீரின் விளிம்பில் தனித்து நிற்கத்தான் போகிறது. ஜொகூரின் மேற்கே மலாக்கா நீரிணை, கிழக்கே தென்சீனக் கடல், தெற்கே தெப்ராவ் நீரிணை. உள்நாட்டிலோ மூவார் ஆறு, ஜொகூர் ஆறு, எண்டாவ் ஆறு. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி நகரமே வெள்ளத்தில் மூழ்கியதைக் கண்டோம். 2023 மார்ச்சிலும் வெள்ளம் இம்மாநிலத்துப் பல்லாயிரவரை வீடு விட்டுப் பெயரச் செய்தது. கடலும் ஆறும் வெள்ளமும் சூழ்ந்த இம்மண்ணில் நீந்தத் தெரியாமல் வளர்வது, சாலையோரத்து வீட்டில் சாலையைக் கடக்கத் தெரியாமல் வளர்வதற்கு ஒப்பாகும்.

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு ஆறே ஆசான். பள்ளி விட்டதும் ஆற்றில் குதித்து, அண்ணன் தம்பியைத் தாங்க, தம்பி தங்கையைத் தாங்க, கட்டணமின்றியே நீச்சல் பழகினர். அந்த ஆற்றங்கரை எத்தனை பிள்ளைகளைப் பலிகொண்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பழங்காலத்தைப் பொற்காலமாக்கிப் பாடுவது என் தொழிலன்று. ஆயினும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்குப் பெயர்ந்தபோது, லயத்தோடு சேர்த்து ஆற்றையும் விட்டுவந்தனர். தாமானில் ஆறு இல்லை, அல்லூறுதான் உண்டு. 2006 இல் இஸ்கந்தார் வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின் ஜொகூர் பாருவைச் சுற்றி அடுக்குமாடிகள் வானளாவ எழுந்தன. அவற்றுள் பலவற்றில் நீச்சற்குளமும் உண்டு. எனினும் அங்குக் குடியேறிய நம் பெற்றோருள் பலர் பிள்ளையை மேற்கூடத்துக்கு அழைத்துச் சென்று குளத்தின் பின்னணியில் நிழற்படம் எடுத்துத் திரும்புகின்றனர். நீர் பத்தடி தூரத்தில் இருந்தும் நீச்சல் எட்டாத தூரத்தில் நிற்கிறது.

நீச்சல் பிறப்போடு வருவதன்று. பரம்பரையாக இரத்தத்தில் ஊறுவதுமன்று. ஒவ்வொரு பிள்ளையும் புதிதாகக் கற்க வேண்டிய கல்வி அது. அமெரிக்காவில் 2009 இல் வெளியான ஓர் ஆய்வு, முறையாக நீச்சல் கற்ற 1 முதல் 4 வயதுக் குழந்தைகளிடம் நீரில் மூழ்கும் இடர் 88 விழுக்காடு குறைந்து காணப்பட்டதைக் காட்டியது. நீச்சல் கற்ற பிள்ளைக்கும் மேற்பார்வை வேண்டும் என்பது வேறு. கற்காத பிள்ளைக்கு மேற்பார்வை ஒரு கணம் தவறினாலும் மீட்சியில்லை என்பதை நெஞ்சில் கொள்ளுங்கள்.

இங்கே தமிழாசிரியர்களிடம் ஒரு சொல். புறநானூற்றின் 243 ஆம் பாட்டை நீங்கள் அறிவீர்கள். தண்டூன்றி நடுங்கும் முதியவர் ஒருவர், தம் இளமையில் நீர்த்துறையில் தாழ்ந்த மருதமரக் கிளையேறி, கரையில் நின்றோர் வியக்க ஆழ்நீரில் குதித்து, அடியிலிருந்து மணலை அள்ளிக் காட்டியதை எண்ணி இரங்குகிறார். திணை பொதுவியல், துறை கையறுநிலை, பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார் என்று மாணவன் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் பெறுகிறான். ஆழ்நீரில் குதித்தால் அவன் மணலோடு மீள்வானா? அடுத்து ஆட்டனத்தியின் கதை. புதுப்புனலாடிய அவனைக் காவிரி கவர்ந்து சென்றதையும், ஆதிமந்தி கரையெங்கும் தேடிக் கதறியதையும் கண்ணீர் மல்கப் பாடம் நடத்துகிறோம். அக்கண்ணீரின் ஒரு துளியேனும், கோடை விடுமுறையில் அருவிக்கும் கடற்கரைக்கும் செல்லும் நம் மாணவனின் பாதுகாப்பு குறித்துச் சிந்தியதுண்டா? புனலாட்டை விழாவாகவே கொண்டாடிய இனம், கோயில்தோறும் திருக்குளம் வெட்டிய இனம், இன்று தண்ணீரைக் கண்டு அஞ்சுகிறது. இலக்கியம் ஏட்டில் நீந்துகிறது. பிள்ளைகள் கரையில் நிற்கின்றனர்.

நான்காம் பாடம், நீர் யாருடையது என்பது. நண்பரின் குளத்து 48,000 லிட்டரும் வானத்திலிருந்து அவர் வீட்டுக்கு மட்டும் இறங்கிய நீரன்று. ஜொகூர் ஆற்றிலிருந்து நாள்தோறும் 25 கோடி கேலன் வரை, ஆயிரம் கேலனுக்கு 3 சென் விலையில், 2061 வரை எடுத்துக்கொள்ள 1962 ஆம் ஆண்டு உடன்படிக்கை சிங்கப்பூருக்கு உரிமை தருகிறது. நீர் வளம் மிக்க மாநிலம் என்று நாம் மார்தட்டினோம். ஆனால் 2015 இலும் 2016 இலும் இம்மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதிகளில் அணைகள் வற்றி, மக்கள் முறைவைத்து நீர் பெற்றனர். 2016 அக்டோபரில் லிங்கியூ நீர்த்தேக்கம் அதன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கியது. ஊர் வாளியேந்தி நிற்கும் நாளில் ஒருவன் குளம் நிரம்பித் தளும்பினால், அந்தத் தளும்பல் ஊரின் கண்ணை உறுத்தாதா? ஊர் நீரில் பங்கெடுத்தவனுக்கு ஊர்மீது கடமையும் உண்டு.

இக்கடமையைச் சொன்னதும் ஒரு முணுமுணுப்பு எழுகிறது. “பொதுக்குளத்தில் யார் யாரோ இறங்குவார்கள், அந்த நீரில் என் பிள்ளையா?” இது புதிய முணுமுணுப்பன்று. 1927 மார்ச் 20 ஆம் நாள், மராட்டிய மண்ணின் மகாடு என்னும் ஊரில், சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகப் பல்லாயிரம் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார் அண்ணல் அம்பேத்கர். நகராட்சி அக்குளத்தை எல்லார்க்கும் உரியதென முன்பே அறிவித்திருந்தது. ஆயினும் தீண்டத்தகாதவர் கை பட்டுவிட்டதென்று சொல்லி, மேற்சாதியார் அந்நீருக்குத் தீட்டுக் கழித்தனர். வழக்கு நீண்டு 1937 இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் ஒடுக்கப்பட்டோர் பக்கம் தீர்ப்பளித்தது. 1964 ஜூன் 18 ஆம் நாள், அமெரிக்காவின் செயின்ட் அகஸ்டின் நகரத்து விடுதி ஒன்றின் குளத்தில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து இறங்கியபோது, அவ்விடுதியாளர் நீரில் அமிலத்தை ஊற்றினார். 1965 இல் ஆஸ்திரேலியாவின் மோரி நகரில் ஆதிகுடிப் பிள்ளைகளைக் குளத்துக்குள் விடக் கோரி சார்லஸ் பெர்க்கின்சும் சிட்னிப் பல்கலைக்கழக மாணவரும் போராட வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் பொதுக்குளங்கள் எல்லா நிறத்தாருக்கும் திறக்கப்பட்டபோது நடந்தது என்ன? வசதியுள்ள வெள்ளையர் பலர் பொதுக்குளத்தைக் கைவிட்டுத் தனிக்கழகங்களையும் வீட்டுக் குளங்களையும் நாடினர். நகராட்சிகள் சில, சேர்ந்து நீந்துவதைவிட மூடுவதே மேல் என்று குளத்தையே மூடின. நீந்தக் கற்காமல் போனவர்கள் வறியவர்களின் பிள்ளைகள். வீட்டுக் குளத்தின் மதில் எப்போது அறத்துக்குப் பகையாகிறது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. பிள்ளை விழாமல் காக்க எழும்பும் வேலி நல்ல வேலி. அடுத்த வீட்டுப் பிள்ளையை இழிந்ததென்று ஒதுக்க எழும்பும் மதில், மகாடுக் குளத்தில் தீட்டுக் கழித்தவர்களின் வழிவந்த மதில். தோட்டத்தில் துரையின் வேலிக்கு வெளியே நின்ற நாம், தாமானில் இன்னொரு வேலி கட்டுவோமாயின் நம் பாட்டனின் உழைப்புக்கு இழுக்குத் தேடியவர்களாவோம்.

இனி, என்ன செய்வது? “பள்ளிக்கூடங்களுக்கே நிதியில்லை, குளத்துக்கு எங்கே போவது?” என்பர். ஜப்பானைப் பாருங்கள். 1955 மே 11 ஆம் நாள் சியுன் மாரு என்னும் படகுக் கப்பல் மூழ்கி 168 பேர் மாண்டனர். அவர்களுள் 100 பேர் பள்ளி மாணவர். அத்துயரத்தின்பின் அந்நாடு பள்ளிகளில் நீச்சற்குளம் அமைப்பதையும் நீச்சலைப் பாடமாக்குவதையும் விரைவுபடுத்தியது. இன்றோ பராமரிப்புச் செலவு மிகுந்ததால், அங்குப் பல பள்ளிகள் தனிக்குளத்தை விட்டு, நகரத்துப் பொதுக்குளத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. தெப்ராவ் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் 2010 முதல் மாணவர்க்கு நீச்சலோடு நீர்ப்பாதுகாப்பும் கற்பிக்கும் திட்டம் நடைபெறுகிறது. செல்வ நாடுகளை விடுங்கள். வங்காளதேசத்தில் ஊர்க்குட்டைகளில் மூங்கிற்பரண் அமைத்தே சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகின்றனர். மூங்கிலுக்குமா நம்மிடம் வழியில்லை?

ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குளம் கேட்கவில்லை. ஆறாம் ஆண்டை முடித்து வெளியேறும் எந்தப் பிள்ளையும் மல்லாந்து மிதக்கவும், கால் எட்டாத நீரில் நிலைத்து நிற்கவும், கரை சேரவும், மூழ்குபவரைக் கண்டால் தானும் குதிக்காமல் கழியோ கயிறோ நீட்டி உதவவும் கற்றிருக்க வேண்டும் என்று கேட்கிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் நகரத்துப் பொதுக்குளத்தில் வாரம் சில மணி நேரத்தை வாடகைக்கு எடுக்கட்டும். தகுதிபெற்ற பயிற்றுநரையும் உயிர்காப்பாளரையும் அமர்த்தும் செலவைச் சங்கங்களும் கோயில் நிருவாகங்களும் ஏற்கட்டும். கண்ணாடியாலேயே ஒரு கோயிலை இழைத்து உலகோரை வியக்கவைத்த ஊர் ஜொகூர் பாரு. அந்த ஆற்றலும் கொடையுள்ளமும் உடையவர்க்கு, ஒரு திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவைப் பிள்ளைகளின் மூச்சுக்குத் திருப்புவது அரிதா? வீட்டில் குளம் உடையோரும், முறையான காவலும் பயிற்றுநரும் இருக்கும் நேரத்தில், உறவினர் பிள்ளைகளுக்கும் அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறக்கட்டும். ஸ்கூடாய் நண்பர் அவ்வாறே செய்கிறார். ஞாயிறுதோறும் அக்குளத்தில் எழும் கூச்சலைக் கேட்டவர்கள், தனித்து நீந்திய நாட்களில் அக்குளம் எவ்வளவு ஊமையாய் இருந்தது என்பதை உணர்வர்.

“பெண்பிள்ளைக்கு நீச்சல் எதற்கு?” என்போருக்கு ஒரே விடை: வெள்ளம் ஆண் பெண் பார்த்து வருவதில்லை. உடல் மறைக்கும் நீச்சலுடைகள் கடையில் கிடைக்கின்றன. நாணத்தைக் காக்க வழியுண்டு, போன உயிரை மீட்க வழியில்லை. “தேர்வு கெடும்” என்போருக்கு: வாரம் ஒரு மணி நேரத்தால் கெடும் தேர்வு, தொலைக்காட்சியாலும் கைப்பேசியாலும் ஏற்கெனவே கெட்டிருக்கும்.

மாணவமணிகளே! உங்கள் பெற்றோரிடம் சென்று, “எங்களுக்கு நீந்தக் கற்றுத் தாருங்கள்” என்று கேளுங்கள். அது விளையாட்டுக்கான வேண்டுகோளன்று, வாழ்வுக்கான உரிமை. ஆசிரியர்களே! அடுத்த முறை தொடித்தலை விழுத்தண்டினாரின் பாட்டை நடத்தும்போது, வகுப்பில் நீந்தத் தெரிந்தவர் கைதூக்கச் சொல்லுங்கள். தூக்காத கைகளை எண்ணிக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கையைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் முதற்பொருளாக வையுங்கள்.